கோடை விழாவுக்கு வந்து போனவர் எழுதிய ஏற்காடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஒரு வாசகர், நாவல் என்றால் 300 பக்கத்துக்குள் முடிந்துவிட வேண்டும், அதற்கு மேல் போனால் யார் படிப்பது என்று கேட்டிருந்தார். நான் பெரிய படிப்பாளி இல்லை. ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் 31 வருடம் ரைட்டராக, அதாவது கணக்கு எழுதுகிறவனாக இருந்துவிட்டு, இப்போது கன்னங்குறிச்சியில் வீட்டோடு இருக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்கும் நாலு மணிக் காப்பிக்கும் நடுவில்தான் படிப்பு. பாதி நாள் புத்தகம் நெஞ்சின் மேல் கிடக்கும், நான் குறட்டை விட்டுக்கொண்டிருப்பேன். என்னையே தூங்கவிடாத தடித்த புத்தகங்கள் உண்டு. தூங்கவைத்த ஒல்லிப் புத்தகங்களும் உண்டு.

ஒல்லியில் ஒன்றைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். கதை ஏற்காட்டில் நடக்கிறது என்றதும் ஆசையாக வாங்கினேன். கதாநாயகி ஜன்னலைத் திறந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை. சரி, ஊட்டி நினைப்பில் எழுதிவிட்டார் என்று பொறுத்துக்கொண்டேன். அடுத்த அத்தியாயத்தில் மே மாத வெயிலில் பெண்கள் சிரித்துக்கொண்டே காப்பிப் பழம் பறிக்கிறார்கள்! எங்கள் மலையில் மார்ச், ஏப்ரலில் ஒரு மழை விழுந்தால்தான் செடி பூக்கும். மல்லிகை மாதிரி வாசம், இரண்டு மூன்று நாளில் உதிர்ந்துவிடும். மே மாதத்தில் பிஞ்சு மிளகளவுகூட இருக்காது. பழம் சிவக்க நவம்பர் ஆகும். அப்போதும் யாரும் சிரித்துக்கொண்டு பறிப்பதில்லை. முசுறு எறும்பு கழுத்துக்குள் இறங்கிவிடும், பழச்சாறு பட்டுக் கையெல்லாம் பிசுபிசுக்கும், சாயங்காலம் எடை போடுகிற வரைக்கும் இடுப்பு நிமிராது. எழுதியவர் கோடை விழாவுக்கு வந்துவிட்டு இரண்டு நாளில் இறங்கிப் போனவராக இருக்க வேண்டும்.

அந்தக் கோபத்தில்தான் 'எரியும் பனிக்காடு' நாவலை எடுத்தேன். பி.எச். டேனியல் தோட்டங்களில் டாக்டராக வேலை பார்த்தவர். 1969-இல் ஆங்கிலத்தில் வந்த புத்தகத்தை இரா. முருகவேள் தமிழாக்கியிருக்கிறார். கருப்பனும் வள்ளியும் பிழைக்க வழியில்லாமல் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரியின் பேச்சை நம்பி, முன்பணம் வாங்கிக்கொண்டு ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறுகிறார்கள். உழைத்து முடித்துக் கணக்குப் பார்த்தால் கடன் அப்படியே நிற்கிறது. சில இடங்களில் ஆட்கள் பேசுவது கலெக்டருக்கு எழுதிய மனு மாதிரி இருக்கிறது என்பது என் குறை. ஆனால் காய்ச்சலையும் சாவையும் பற்றி எழுதும்போது டாக்டர் கை தெரிகிறது.

என்னைப் படுத்தியது அந்தக் கணக்குப் பார்க்கிற இடம். நான் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் 1951-ஆம் வருடத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டமெல்லாம் பழகிப்போயிருந்தது. நாவலில் வருகிற அடியும் உதையும் நான் பார்த்ததில்லை. ஆனாலும் தீபாவளி அட்வான்ஸ், கல்யாண அட்வான்ஸ் என்று லெட்ஜரில் ஒரு பக்கம் இருக்கும். சம்பளத்தன்று ஒரு அம்மா, "இன்னும் எவ்வளவுங்க பாக்கி?" என்று மாசாமாசம் கேட்பார். நான் தலையைத் தூக்காமலே தொகையைச் சொல்வேன். அந்த அம்மாவின் முகம் எப்படி மாறியிருக்கும் என்று இந்தப் புத்தகத்தைப் படித்த அன்றைக்குத்தான் யோசித்தேன்.

அப்புறம் ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு'. நான் மலையில் காலம் தள்ளியவன், கடலை நாலைந்து முறை பார்த்திருந்தால் அதிகம். முதல் 50 பக்கம் மொழி பிடிபடாமல் இரண்டு முறை மூடி வைத்தேன். பிறகு நடுக்கடலில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடக்கிற மூன்று பேரை விட்டுவிட்டு எழுந்து போக முடியவில்லை. அன்றைக்கு நாலு மணிக் காப்பி ஆறிப்போய் வீட்டில் திட்டு வாங்கினேன். இந்தப் புத்தகம் 300 பக்கத்தைத் தாராளமாகத் தாண்டும் என்பதை அந்த வாசகர் கவனிக்க வேண்டும். சோ. தர்மனின் 'சூல்' நாவலையும் படித்தேன். கண்மாயைக் காக்கும் மடைக்குடும்பன் வரும் பகுதிகள் அருமை, பிற்பகுதியில் அரசியல் கொஞ்சம் தூக்கல். படித்து முடித்த மறுநாள் காலை மூக்கனேரிக் கரையில் நடக்கப் போனவன் மதகைத் தேடிப் பார்த்துவிட்டு வந்தேன், அவ்வளவுதான்.

பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' வேறு மாதிரி. எனக்குச் சொந்த ஊர் சங்ககிரிப் பக்கம். பட்டி, படல், மேட்டுக்காடு என்று ஒவ்வொரு சொல்லும் எங்கள் அப்பா குரலில் கேட்டது. பண்ணையத்தில் ஆடு மேய்க்க விடப்பட்ட சிறுவர்களின் கதை. எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பையன் இருந்தான். அவனுக்குச் சோறு போடுகிற வட்டல் மாட்டுக்கொட்டாய் எரவாணத்தில் தனியாகச் செருகியிருக்கும். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. அந்த வட்டலை நான் தொட்டதே இல்லை என்பது 60 வயதுக்கு மேல் ஞாபகம் வருகிறது. பாதியில் நிறுத்தி, நான்கு நாள் கழித்துத்தான் மறுபடி எடுத்தேன்.

ஒரு புகாரும் உண்டு. சமீபத்தில் வாங்கிய வேறொரு நாவலில் 193 முதல் 208 வரை இரண்டு முறை வந்தது, 209 முதல் 224 வரை காணோம். சேர்த்து அச்சடித்து மடிக்கிற 16 பக்கத்தைப் பாரம் என்பார்கள், அப்படி ஒரு பாரமே மாறிப்போயிருக்கிறது. எடை போட்டால் குறை சொல்ல முடியாது, கதையில்தான் ஒரு கல்யாணம் நடந்து முடிந்திருந்தது. பதிப்பகத்துக்குப் போன் செய்தேன், பார்க்கிறோம் என்றார்கள், இன்னும் பார்க்கிறார்கள். கடைசியில் பெங்களூரில் இருக்கும் மகன் தன் நண்பரின் பிரதியிலிருந்து 16 பக்கத்தையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அந்தக் கல்யாணத்தை மட்டும் செல்போனில் பார்த்தேன்.

ஏற்காடு இருக்கிற எங்கள் சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டத்தை உள்ளே இருந்து எழுதிய நாவல் எதையாவது உங்கள் வாசகர்கள் படித்திருந்தால் பெயரைச் சொல்லட்டும். ஆயிரம் பக்கம் இருந்தாலும் வாங்கிக்கொள்கிறேன். பைண்டிங் சரியாக இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எஸ்டேட் ரைட்டர்,
கன்னங்குறிச்சி, சேலம்.