முக்திநாத் தீர்த்தத்தில் கலந்திருப்பது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த நேபாள முக்திநாத் பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கோயிலின் 108 நீர்த்தாரைகளிலும் தலையைக் கொடுத்துவிட்டுப் பல் கிட்டிப்போய் நின்ற இடத்தைப் படிக்கும்போது எனக்கும் குளிர் எடுத்தது. ஆனால் 'எதுவுமே கலக்காத பனிநீர்' என்ற வரியை மட்டும் அப்படியே விட மனசு வரவில்லை. முப்பது வருஷம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்தத் தண்ணீரின் பெருமையே அதில் கலந்திருப்பதில்தான் இருக்கிறது.

நாங்கள் தங்கியது கோயிலுக்குக் கீழே ராணிபௌவாவில். விடுதியில் வெந்நீர் கேட்டதும் கெட்டிலையே கொடுத்துவிட்டார்கள். உள்ளே, அடியில் பழுப்பேறிய வெள்ளைப் பொருக்கு. நகத்தால் சுரண்டியும் வரவில்லை. கைவசம் இருந்த எலுமிச்சையைப் பிழிந்தேன், புஸ்ஸென்று நுரைத்தது. சந்தேகமே இல்லை, சுண்ணாம்புக்கல்!

அது எப்படித் தண்ணீருக்குள் வந்தது? பள்ளியில் செய்யும் சோதனைதான். தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழல் வைத்து ஊதினால் பால் மாதிரி வெளுக்கும். நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருந்தால் வெள்ளை கரைந்து மறுபடியும் தெளிந்துவிடும். கரியமில வாயு ஏறிய தண்ணீர், கல்லைக் கரைத்து பைகார்பனேட் என்ற கரையும் உப்பாகத் தனக்குள் வைத்துக்கொள்கிறது. மலையில் அப்படி ஊதுவது மண். வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சு விடுவதால், மண்ணுக்குள் இந்த வாயு வெளிக்காற்றில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். மழைநீரும் பனி உருகிய நீரும் அதை வாங்கிக்கொண்டு பாறைக்குள் இறங்குகின்றன. கொதிக்க வைத்தால் வாயு போய்விடும், கல் திரும்பி வந்துவிடும்.

ஆக, இப்படிச் சேரும் கார்பனில் பாதி மண்ணின் மூச்சு, பாதி கல். கார்பன்-14 என்பது காலப்போக்கில் சிதைந்து குறையும் கார்பன் வகை; அது எவ்வளவு மிச்சம் என்று பார்த்துத்தான் வயது கணக்கிடுவார்கள். பழங்காலக் கல்லில் அது கிடையாது. அதன் பங்கைக் கழிக்காமல் ஊற்றுநீருக்கு வயது கணக்கிட்டால், நேற்றுப் பெய்த மழைக்குக்கூட ஐயாயிரம் வயது காட்டும்.

அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்பதுதான் என்னை உலுக்கியது. காளி கண்டகி ஆற்றில் நாம் தேடி எடுக்கும் சாளக்கிராமம், சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் இமயமலை எழும்புவதற்கு முன் அங்கே இருந்த டெதிஸ் கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்ற சுருள் ஓட்டு உயிரினத்தின் பதிவு. அங்குள்ள சுண்ணாம்புப் பாறை அடுக்குகளும் அதே கடலின் அடியில் படிந்தவை. சாளக்கிராமத்தைப் பூஜை அறையில் வைக்கிறோம். அதே கடலின் கல், குடிநீரில் கரைந்து வந்தால் 'எதுவுமே கலக்காதது' என்கிறோம்!

கீழே இறங்கும் வழியில் தாதோபானி வெந்நீர் ஊற்று வந்தது. நடு நேபாளத்தின் இப்படிப்பட்ட வெந்நீர் ஊற்றுகளில், மண்ணும் கல்லும் போக, கார்பனுக்கு மூன்றாவதாக ஒரு வரத்தும் உண்டு. மலையின் அடியாழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் சுண்ணாம்புப் பாறை சிதைந்து வெளிவிடும் கரியமில வாயு, பிளவுகள் வழியே ஏறி வருகிறது. 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு திரிசூலிப் பள்ளத்தாக்கில் இந்த வாயுவின் வரத்து மாறியதை ஆய்வாளர்கள் அளந்து பதிவு செய்திருக்கிறார்கள்.

அடுத்த இதழில் பத்ரிநாத் என்று அறிவித்திருக்கிறீர்கள். சந்தோஷம். அங்குள்ள தப்த குண்டம் என்ற வெந்நீர் ஊற்றின் சூட்டைப் பற்றி எழுதும்போது, அந்தத் தண்ணீர் எந்தப் பாறையைத் தொட்டுக்கொண்டு வருகிறது என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்கச் சொல்லுங்கள்.

– ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், ஸ்ரீரங்கம்