குட்டி யானை வாங்கிய மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் கேரட் லோடு இறக்குவதற்காக எல்லோரும் குட்டி யானை என்று சொல்லும் டாடா ஏஸ் சிறு சரக்கு வண்டியில் 2011 மாடல் ஒன்றைச் செகண்ட் ஹேண்டாக வாங்கியிருக்கிறீர்கள் என்றதும் உன் அம்மா விலையைத்தான் கேட்டாள். எனக்கோ அதன் என்ஜினுக்குள் இருக்கும் டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்று கேட்கத் தோன்றியது. நீ அனுப்பிய படங்களில் புதிய சீட் கவர், பளபளக்கும் பெயின்ட், முன்பக்கம் தொங்கும் எலுமிச்சை மிளகாய் எல்லாம் நன்றாகவே தெரிகின்றன. விற்கிறவர்கள் கண்ணுக்குப் படுவதற்குத்தான் முதலில் செலவு செய்வார்கள், அது உலக வழக்கம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கப்போகிற வண்டிக்குக் கண்ணுக்குப் படாதவையே முக்கியம் என்பதால், நான் நேரில் வருவதற்குள் நீ பார்த்துவைக்க வேண்டியவற்றை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெல்ட். 2005-இல் இந்த வண்டியை வெளியிட்டபோது, இண்டிகா காரின் நான்கு சிலிண்டர் டீசல் என்ஜினைப் பாதியாக்கியது போன்ற 702 சிசி இரண்டு சிலிண்டர் என்ஜினை இதற்கு வைத்தார்கள். அதில் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓடவைப்பது பல் வைத்த ஒரு ரப்பர் பெல்ட். அது அறுந்தால் ஓட்டத்திலேயே பிஸ்டன் மேலே வந்து வால்வை இடிக்கும். வால்வு வளையும், என்ஜினின் மேல்பாகமான ஹெட்டை இறக்க வேண்டிவரும், சில நூறு ரூபாய்ப் பொருளுக்காக என்ஜின் வேலையே வந்து நிற்கும். மற்ற கோளாறுகள் சத்தமோ புகையோ காட்டிவிட்டு வரும். இது பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. ஓடிய கிலோமீட்டர் குறைவு என்று விற்றவர் சொல்லியிருக்கலாம். ஆனால் ரப்பர் ஓடாமல் நின்றாலும் வயதாகிக்கொண்டுதான் இருக்கும். மாற்றியதற்குப் பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, பெல்ட்டையும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

அடுத்து பிரேக். இதைப் பற்றி நான் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள். கோத்தகிரி ஏறத்தாழ 1800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேட்டுப்பாளையம் 300 மீட்டர் அளவில். இடையில் உள்ள இறக்கம் முழுவதும் லோடோடு கூடிய வண்டியைப் பிடித்து நிறுத்துகிற வேலை பிரேக்குக்கு இருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறிய ஆயில் சீக்கிரமே கொதிக்கும், கொதித்தால் குழாய்க்குள் ஆவி உண்டாகும், ஆவி அமுங்கும் என்பதால் நீ மிதிக்கும் பெடல் தரைவரை போகுமே தவிர வண்டி நிற்காது. டப்பாவில் ஆயில் நிறைந்திருக்கிறதே என்று விட்டுவிடாமல் பழையதை முழுவதும் எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றி, நான்கு சக்கரத்திலும் ஏர் எடுக்கச் சொல், அதாவது குழாயில் தங்கிய காற்றை வெளியேற்றச் சொல். அதன் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரிலேயே இறங்கு. டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வரும் ஓட்டுநர்களை அந்தச் சாலையில் நீ நிறையப் பார்ப்பாய். அவர்கள் மிச்சம்பிடிப்பதை விட அதிகமாக, பிரேக்கில் உரசித் தேய்கிற பேடுக்கும் லைனருக்கும் கொடுக்கிறார்கள், சில நேரம் அதற்கு மேலும்.

பின்சக்கரங்களின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் குனிந்து பார். டயரின் உள்சுவரிலோ பிரேக் டிரம்மின் அடியிலோ ஈரம் தெரிந்தால் விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்: மெல்லியதாக வழுக்கினால் அது டிரம்முக்குள் லைனரைத் தள்ளும் வீல் சிலிண்டரிலிருந்து கசியும் பிரேக் ஆயில், கெட்டியாக ஒட்டி, மூக்கைச் சுளிக்கவைக்கும் கந்தக வாடை அடித்தால் பின் அச்சின் ரப்பர் அடைப்பான ஆக்ஸில் சீல் போய், அந்த அச்சின் நடுவில் பல்சக்கரங்கள் இருக்கும் டிஃபரென்ஷியலின் ஆயில் வருகிறது. இரண்டுமே லைனரில் பட்டால் பிரேக் ஒருபக்கம் இழுக்கும். ஆனால் செலவும் வேலையும் வேறு வேறு என்பதால் எது என்று தெரிந்துகொண்டு பட்டறைக்குப் போவது நல்லது.

ஸ்டீயரிங் ஆடுகிறது என்று நீ தொலைபேசியில் சொன்னாய். உடனே சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் பார்க்கப் போகாதே. முன்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் மரக்கட்டை கொடுத்துவிட்டு, சக்கரத்தின் மேலும் கீழும் கையை வைத்து ஆட்டிப் பார். ஆட்டம் இருந்தால், மாப்பிள்ளையை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டு: ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் முன்சக்கரம் திரும்புகிற முளையான கிங்பின்னின் புஷ். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனையை, அதாவது டை ராடு எண்டைப் பார்க்க வேண்டும். கிங்பின் என்றால் கிரீஸ் அடிக்காமல் ஓட்டியதன் பலன்தான். புஷ் மாற்றிய பிறகும் தவறாமல் கிரீஸ் அடிக்காவிட்டால் அதே கதை திரும்ப வரும். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றிருந்தால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. டயரின் மேல் பட்டன் தேயாமல் எவ்வளவு இருந்தாலும் அவ்வளவு பழைய டயரோடு மலை இறங்க வேண்டாம்.

ஏற்றத்தில் உனக்குத் தொல்லை தரக்கூடியது சூடு. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால் கோத்தகிரி உயரத்தில் வெறும் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் என்ஜின் தப்பிக்கிறது. எனவே மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் புது மூடி போடு. போர் தண்ணீர் ஊற்றாதே, உப்பு படியும். கூலண்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் சரிபாதி கலந்து ஊற்று. சூடு காட்டும் முள் மேலே ஏறினால் ஓரம்கட்டி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு, அரைமணி நேரமாவது ஆறவிடு. சூட்டில் மூடியைத் திறக்கவும் கூடாது, என்ஜின் மேல் தண்ணீர் ஊற்றவும் கூடாது. என்ஜின் சீட்டுக்கு அடியிலேயே இருப்பதால் இந்த வண்டியில் மூக்கு ஒரு நல்ல மீட்டர்: இனிப்பான வாடை வந்தால் கூலண்ட் கசிகிறது, கருகிய வாடை என்றால் கிளட்ச்.

கூலண்ட் வெளியே எங்கும் ஒழுகாமல் குறைந்துகொண்டே வந்து, சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படு. ஆயில் மூடியின் உள்ளே பால் கலந்த காபி நிறத்தில் பிசுக்கு இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வரும் வெள்ளைப் புகை வேறு. ஹீட்டர் விளக்கு அணையும்வரை பொறுத்துச் சாவியைத் திருப்பியும் அது வந்தால் ஸ்டார்ட் ஆகும் முன் என்ஜினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கைச் சோதிக்க வேண்டும். நீலப் புகை ஆயில் எரிவது. கறுப்புப் புகைக்கு முதலில் ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத என்ஜின் என்பதால் மலைமேல் கொஞ்சம் கறுப்பாகத்தான் விடும்.

ஸ்டார்ட் ஆகாத நாளில் எடுத்த எடுப்பில் பேட்டரியை மாற்றாதே. ஓய்வில் 12.6 வோல்ட்டும், என்ஜின் ஓடும்போது 14 வோல்ட் அளவிலும் மீட்டர் காட்டினால் பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் தம் வேலையைச் செய்கின்றன. பச்சை பூத்த டெர்மினலையும், வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் எர்த் வயர் முறுக்கிய இடத்தில் இருக்கும் துருவையும் சுரண்டிச் சுத்தம் செய். பாதிக் கோளாறு அங்கேயே தீரும். டீசலை வற்றவிட்டால் லைனில் ஏர் பிடிக்கும், பிறகு ஸ்டார்ட்டரை எவ்வளவு சுற்றினாலும் பயனில்லை, ஏர் எடுத்தே ஆக வேண்டும்.

இனி லோடு. பின்பக்க ஸ்பிரிங் பட்டையில் முன்பு வைத்திருந்தவர் கூடுதலாக ஒரு பிளேட் போட்டிருப்பது படத்திலேயே தெரிகிறது. அதனால் வண்டி தொங்காது என்பது உண்மைதான். ஆனால் பிரேக்கும் கிளட்ச்சும் பழையபடி 750 கிலோவுக்கு உரியவையாகவேதான் இருக்கின்றன. கழுவிய கேரட் மூட்டைகள் ஈரத்தோடு ஏறும்போது எடையும் கூடுகிறது, ஒழுகும் தண்ணீர் தளத்தின் இடுக்குகளில் தங்கித் தகட்டையும் அரிக்கிறது. மூட்டைகளைத் தண்ணீர் வடியவிட்டு ஏற்றச் சொல், லோடு இறக்கிய அன்றே தளத்தைக் கழுவித் துடை, வடிகால் துளைகளில் மண் அடைத்திருந்தால் குச்சியால் குத்தி விடு.

ஆர்.சி. எனும் பதிவுச் சான்றிதழில் பெயர் மாற்றப் படிவம் 29, 30 இரண்டையும் கையெழுத்தோடு வாங்கிவிட்டீர்களா என்று மாப்பிள்ளையிடம் கேள். இன்ஷூரன்ஸும் உங்கள் பெயருக்கு மாற வேண்டும். எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டி என்பதால் வண்டியின் தகுதிச் சான்றான எஃப்.சி.க்கு ஆண்டுதோறும் காட்ட வேண்டும். உன் கார் உரிமம் போதுமா என்று கவலைப்பட்டாய். 7500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு அது போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

அடுத்த வாரம் நான் வருகிறேன். அதற்குள் பெல்ட், டென்ஷனர், பிரேக் ஆயில், ரேடியேட்டர் மூடி இவற்றை ஒரிஜினலாகவே வாங்கி வை. சேஸிஸ் எண்ணைச் சொல்லி வாங்கினால் மாறிவராது. வேலை முடியும்வரை உள்ளூரில் வெறும் வண்டியாக ஓட்டலாம், மேட்டுப்பாளையத்துக்கு மட்டும் வாடகை வண்டியிலேயே அனுப்புங்கள்.

அன்புடன்,
அப்பா