ஞாயிறு காலை மட்டும் மாடுகளைக் கட்டிவையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உப்புவெளியில் இந்த ஞாயிற்றுக்கிழமை காலை நடக்கவிருக்கும் ட்ரையத்லன் போட்டிக்காக நிலாவெளி வீதியின் ஒரு பக்கத்தை மறிக்கத்தான் வேண்டுமா என்று வாசகர் ஒருவர் சென்ற வாரம் இந்தப் பகுதியில் எழுதியிருந்தார். நாலு பேரின் பொழுதுபோக்குக்காக ஊர் ஏன் சிரமப்பட வேண்டும் என்பது அவர் கேள்வி. கேட்க வேண்டிய கேள்விதான். அந்த நாலு பேரில் ஒருத்தி என்பதால் பதில் எழுதுகிறேன். எனக்கு வயது நாற்பத்துநாலு, தொழில் தாதி, இரண்டு பிள்ளைகளின் தாய். பரிசு எடுப்பேன் என்று வீட்டில் யாரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கடலில் 750 மீட்டர் நீந்த வேண்டும், கரையேறி 20 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்ட வேண்டும், இறங்கி 5 கிலோமீட்டர் ஓட வேண்டும். இடையில் ஓய்வு கிடையாது. சப்பாத்து போடும் நேரமும் கணக்கில் சேரும். 1974இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் தொடங்கி, 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இடம்பிடித்த விளையாட்டு இது. கொழும்பில் 2018இல் நடந்த போட்டியில் சைக்கிள் மட்டுமே 90 கிலோமீட்டர். நாங்கள் உப்புவெளியிலிருந்து நிலாவெளிக்குப் போய்த் திரும்புகிறோம், அவ்வளவுதான். ஆறு மணிக்குத் தொடங்கினால், என்னைப் போன்ற கடைசி ஆட்களும் ஏழரைக்குள் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவோம். கச்சான் காற்று எழும்புவதற்கு முன் முடித்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த நேரம். காற்று எழும்பிவிட்டால் மணலும் சேர்ந்து பக்கவாட்டில் அடிக்கும், மெல்லிய சில்லுள்ள சைக்கிள் ஆடத் தொடங்கும்.

இந்தக் கடைசி வாரத்தில் நாங்கள் செய்வது வெளியே தெரியாத வேலை. பயிற்சியைக் குறைத்தாயிற்று. தூரத்தைப் பாதிக்குக் கீழே கொண்டுவந்து, நடுநடுவே கொஞ்சம் வேகம் மட்டும் வைத்துக்கொள்வது. உடம்பில் சேர்ந்த களைப்பு இறங்க வேண்டும். இதுதான் கடினம். போட்டிக்கு மூன்று நாள் முன்பு பயந்துபோய் நீண்ட தூரம் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஓட்டத்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு நன்மையும் வராது, கால்வலிதான் மிஞ்சும். நான் என் இரவுக் கடமையை ஒரு சிநேகிதியிடம் மாற்றிக்கொண்டு வெள்ளி இரவு தூங்கப் போகிறேன். சனி இரவு எப்படியும் தூக்கம் வராது, வெள்ளியே கைகொடுக்க வேண்டும்.

வீட்டு முற்றத்தில் நடப்பது வேறு கதை. சாக்கை விரித்து, அதன் மேல் சப்பாத்து, பவுடர் போட்ட காலுறை, ஹெல்மெட், இலக்கம் குத்திய இடுப்புப் பட்டி என்று வரிசையாக வைத்து, தலையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஓடிவந்து எல்லாவற்றையும் மாட்டிப் பார்க்கிறேன். ஈரக் காலில் மணலோடு காலுறை ஏறவே ஏறாது. ஒரு பழந்துணியால் விரலிடுக்கை மட்டும் துடைத்தால் போதும் என்று கண்டுபிடித்திருக்கிறோம். சப்பாத்தின் நாடாவைக் கழற்றிவிட்டு இலாஸ்டிக் கோர்த்தாயிற்று. ஹெல்மெட்டின் கொளுக்கியைப் பூட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொடலாம் என்பது சட்டம். என் மகன் நடுவர். கொளுக்கி பூட்டுவதற்குள் கைபிடியில் விரல் பட்டால் விசில் அடிக்கிறான். பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, “என்ன பிள்ளை, குளிச்சுப்போட்டு ஈரத்தோட எங்க ஓடுறாய்?” என்றார். சொன்னேன். சிரித்தார். அடுத்த நாள் நேரம் பார்க்க அவரும் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார்.

சாப்பாட்டில் புதிதாக ஒன்றும் செய்யக் கூடாது. சனிக்கிழமை வெள்ளைச் சோறு, மீன், இரவில் இடியப்பமும் சொதியும். குரக்கன் பிட்டும் கடலையும் மற்ற நாளில் நல்லவை. அன்றைக்கு வயிற்றில் நார்ச்சத்தும் வாயுவும் வேண்டாம். காலையில் பாணும் வாழைப்பழமும், அதுவும் இரண்டு மணித்தியாலம் முன்பே. வெயிலுக்குப் பயந்து வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்துதான், இரத்தத்தில் உப்பின் அளவு இறங்கிவிடும். ஒரு லீட்டருக்கு, வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கிற உப்புச் சீனித் தூளான ஜீவனி ஒரு பக்கற் கரைத்து, தாகத்துக்கு ஏற்பக் குடித்தால் போதும். தாதியாக இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இவ்வளவும் எங்கள் கையில் இருப்பவை. எங்கள் கையில் இல்லாதவை இருக்கின்றன, அந்த வாசகருக்கு நான் சொல்ல வந்தது அதைத்தான்.

கடலை எடுங்கள். உப்புவெளிக் கரை கிழக்கைப் பார்த்தது. ஆறு மணிக்கு இறங்கினால் சூரியன் நேரே கண்ணில் அடிக்கும். மிதவை எங்கே இருக்கிறது என்று தலையைத் தூக்கிப் பார்த்தால் வெளிச்சத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. கறுத்த கண்ணாடி போட்டாலும் அரைகுறைதான். அதே நேரத்தில்தான் இரவு போன வள்ளங்கள் கரைக்கு வரும். எஞ்சினைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பவருக்குத் தண்ணீர் மட்டத்தில் ஒரு தலை தெரிவது கஷ்டம், நிறத் தொப்பி போட்டிருந்தாலும். மீனவ அண்ணன்மாரிடம் கேட்பது ஒன்றுதான்: அந்த ஒரு மணித்தியாலம் மிதவைகளுக்கு வெளியால் சுற்றிக் கொஞ்சம் வடக்கே கரையேறுங்கள். கரைவலை இழுக்கிறவர்களோடு ஏற்பாட்டாளர்கள் முன்கூட்டியே உட்கார்ந்து பேசியது நல்ல காரியம். 2004 மார்கழிக்குப் பிறகு என் அம்மா கடற்கரைக்கே வருவதில்லை. நான் பெயர் கொடுத்தது தெரிந்ததும் அவர் கேட்டது, காவலுக்கு எத்தனை வள்ளம் நிற்கும் என்றுதான். அந்தக் காவல் வள்ளங்களில் நிற்கப் போவதும் நம் மீனவர்கள்தான் என்று சொன்ன பிறகே சமாதானமானார்.

வீதிக்கு வருவோம். போர்க் கல்லறை தாண்டி, சாம்பல்தீவு தாண்டி, நிலாவெளி வரைக்கும் கட்டாக்காலி மாடுகள் என்ன செய்யும் என்று இந்த வழியால் விடியற்காலையில் போய்வருகிற எல்லோருக்கும் தெரியும். தார் வீதி சூடாக இருப்பதால் இரவு முழுக்க அதிலேயே படுத்துக் கிடக்கும். ஹோர்ன் அடித்தால் எழும்பாது. எழும்பினாலும் எந்தப் பக்கம் போகும் என்று அதற்கே தெரியாது. முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகிற சைக்கிளுக்கு முன்னால் ஒரு கன்று குறுக்கே பாய்ந்தால், ஹெல்மெட் தலையைக் காக்கும், தோள் எலும்பை யார் காப்பது? கடமையில் அப்படி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அநேகமாக மோட்டார் சைக்கிள்காரர்கள். இது ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் உரிய பிரச்சினை இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்காவது, சனி இரவே மாடுகளைப் பட்டியில் அடைத்துவிடும்படி உரிமையாளர்களைக் கேட்கிறேன். மறிப்புக் கம்பியைப் பொலிஸார் வைத்துவிடுவார்கள். மாட்டைக் கட்ட மாட்டுக்காரர்தான் வர வேண்டும்.

சிரமப்படப் போகிறவர்கள் யார் என்றும் யோசித்தேன். மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு ஒரு பக்கம் திறந்தே இருக்கும், மெதுவாகப் போனால் சரி. அறநெறி வகுப்புக்கும் பூசைக்கும் போகிறவர்களுக்கும் அப்படியே. காலை ஏழு மணிக்கே வகுப்பு வைக்கிற ரியூஷன் ஆசிரியர்கள்தான் கொஞ்சம் மனம் வைக்க வேண்டும். அன்று எட்டுக்குத் தொடங்கினால் பிள்ளைகள் சைக்கிள்களுக்கு நடுவே புகுந்து ஓட வேண்டியிருக்காது, வீதியோரத்தில் நின்று பார்க்கவும் முடியும். ஞாயிறு விடிய ஏழு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் என்ன கணக்கு ஏறப் போகிறது என்பது என் சொந்தக் கருத்து, அதை விடுங்கள்.

பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் ஊர்ப் பழக்கம், ஓடுகிறவரைக் கண்டால் பாவம் என்று தேசிக்காய்த் தண்ணியை நீட்டுவோம். வெளியார் கொடுப்பதை வாங்கினால் போட்டியாளருக்குத் தண்டனை விழும். கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் அதை முதல் நாளே ஏற்பாட்டாளர்களிடம் ஒப்படைத்தால், தண்ணீர் நிலையத்தில் வைத்துத் தருவார்கள். பனிக்கட்டியும் கொண்டுவந்தால் இன்னும் நல்லது. அதுதான் அங்கே போதாமல் போகும்.

இப்படிக்கு,
தாதிய உத்தியோகத்தர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.