நாலு எழுத்தை வைத்து முடிவு கட்டாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ பிடித்து அல்சூர் வந்தாய். சாப்பாட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு, "ஆபீஸ் டிரெயினிங்ல மயர்ஸ்-பிரிக்ஸ்னு ஒரு டெஸ்ட் எடுத்தேன்க்கா, நம்ம குணத்தை நாலு எழுத்துல சொல்லும். நான் ஐ.என்.டி.ஜே., அவ இ.எஸ்.எஃப்.பி. நாலு எழுத்தும் எதிரெதிர். அதான் எங்களுக்கு ஒத்துப்போகல" என்றாய். அன்றிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. ஜாதகம் பார்க்கக் கூடாது என்று அம்மாவிடம் அவ்வளவு வாதாடியவன் நீ.

அந்த டெஸ்ட் எப்படித் தொடங்கியது தெரியுமா? 1917-இல் அமெரிக்காவில் காதரின் பிரிக்ஸ் என்ற அம்மா, தன் மகள் இசபெல் கட்டிக்கொள்ளப் போகிறவரைப் பார்த்து, இவர் நம் வீட்டு ஆட்களைப் போல இல்லையே என்று யோசிக்க ஆரம்பித்தார். பிறகு மனநல மருத்துவர் கார்ல் யுங் பிரித்த குண வகைகளைப் படித்து, அம்மாவும் மகளுமாகச் சேர்ந்து உருவாக்கியது அது. இருவரும் உளவியல் பயின்றவர்கள் இல்லை. ஆனாலும் மருமகனைப் புரிந்துகொள்ளும் ஆசையில் பிறந்த வேலை. நீ அதை வைத்துக் கதவைச் சாத்துகிறாய்.

குணம் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது உயரம் மாதிரி, முக்கால்வாசிப் பேர் நடுவில்தான் நிற்கிறோம். நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் நெட்டை, அந்தப் பக்கம் குட்டை என்றால் எப்படி? இன்றைய ஆய்வாளர்கள் ஐந்து குணங்களை, ஒவ்வொருவரிடமும் கூடக் குறைய இருக்கும் அளவுகளாகத்தான் பார்க்கிறார்கள். கணவன் மனைவி ஒரே குணமாக இருப்பதால் மட்டும் பெரிதாக நிம்மதி கூடிவிடுவதில்லை என்றும் கண்டிருக்கிறார்கள். இருவரில் யாராவது சட்டென்று கலங்கிப் போகிறவராக இருந்தால் உறவில் உரசல் கூடுகிறது, அவ்வளவுதான்.

எங்கள் கதையைச் சொல்கிறேன். கல்யாணமான புதிதில் உன் அத்தான் சில்க் போர்டு டிராஃபிக் நெரிசலில் சிக்கி, வீடு வந்ததும் வாயே திறக்கமாட்டார். "என்மேல கோபமா?" என்பேன். "இல்ல" என்பார். திரும்பக் கேட்பேன். பால்கனிக்குப் போவார். நானும் பின்னாலேயே போவேன். நான் கேட்கக் கேட்க அவர் சுருங்குவார், அவர் சுருங்கச் சுருங்க என் குரல் ஏறும். என்னை வேண்டாம் என்கிறார் என்று நான் நினைத்தேன். எதைச் சொன்னாலும் தப்பாகிவிடும் என்று அவர் நினைத்திருக்கிறார். யார் முதலில் ஆரம்பித்தது என்று கேட்டால், இருவரும் மற்றவரைத்தான் காட்டுவோம். உலகம் முழுக்கத் தம்பதிகளிடம் இந்த ஒருவர் துரத்துவதும் ஒருவர் விலகுவதும் இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

விலகுகிறவருக்கு மனசில்லை என்று அர்த்தமில்லை. சண்டையில் நெஞ்சு படபடக்கும்போது எதிரில் இருப்பவர் பேசுவது மண்டையில் ஏறாது. குறைந்தது 20 நிமிடமாவது விலகி ஆறவேண்டும் என்கிறார் தம்பதிகளைப் பல வருடம் ஆராய்ந்த ஜான் காட்மன்.

ஒரு நாள் அத்தான், "அரை மணி நேரம் குடு, நானே வந்து பேசறேன்" என்றார். எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் வந்தார், இரண்டு டம்ளர் காபியோடு. அன்றைக்குத்தான் முதல்முறையாக நான் பின்னால் போகாமல் இருந்தேன்.

நீயும் எழுந்து போகிறவன், சின்ன வயதிலிருந்தே. இனி போகும்போது எப்போது வருவாய் என்று சொல்லிவிட்டுப் போ. அப்புறம் அவள் கூப்பிடும் முன்னால் நீயாகவே திரும்பி வா. அடுத்த ஞாயிறு அவளையும் அழைத்துக்கொண்டு வா, வத்தக்குழம்பு வைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா