நிலத்தை விற்காதே

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. பேரனின் ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் ஊசி போட ஓர் ஆஸ்பத்திரியில் பல லட்சம் கேட்கிறார்கள், ஆற்றோர நிலத்தை விற்கலாமா என்று எழுதியிருந்தாய். விற்காதே.

ஸ்டெம் செல் என்பது உடம்பில் புது செல்களை உண்டாக்கும் மூல செல். அதுவே பொய் என்று நான் சொல்ல வரவில்லை. போன மாசியில் என் சின்னவன், முகம் தெரியாத ஒரு ரத்தப் புற்றுநோயாளிக்கு ஸ்டெம் செல் தானம் கொடுத்தான். எலும்பு மஜ்ஜையில் இருக்கும் அந்த செல் ரத்தத்துக்கு வர, அதற்கு முன் சில நாள் ஊசி போட்டார்கள். இடுப்பெலும்பு வலிக்கிறது என்று ராத்திரியெல்லாம் புரண்டான். அப்புறம் ஒரு கையில் ரத்தத்தை எடுத்து, இயந்திரத்தில் அந்த செல்லைப் பிரித்து, மீதியை மறு கை வழியாகத் திருப்பி ஏற்றினார்கள். நாலு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பையில் சேர்ந்தது தக்காளிச் சாறு நிறத்தில் ஒரு சொம்புகூட நிறையாது. அது இன்னொரு உடம்பில் போய்ப் புது ரத்தத்தையே உண்டாக்கும்!

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1986 முதலே எலும்பு மஜ்ஜை மாற்று நடக்கிறது. ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா நோயாளிகள் ஐந்து பேருக்கு, அவர்களுடைய ஸ்டெம் செல்லிலேயே, பழுதான மரபணுவுக்கு ஈடாக நல்ல மரபணுவைச் சேர்த்து ஏற்றியதில் ரத்தக்கசிவு நின்றதாக 2024-ல் அறிவித்தார்கள். ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில், சுண்ணாம்பு பட்டு வெந்த கண்ணுக்கு, நல்ல கண்ணின் கருவிழி ஓரத்திலிருந்து ஸ்டெம் செல் உள்ள இரண்டு மில்லிமீட்டர் துணுக்கு எடுத்து, பொடியாக நறுக்கி ஒட்டிப் பார்வையை மீட்கிறார்கள்.

இதிலெல்லாம் அந்தந்த செல் தனக்குத் தெரிந்த வேலையைத்தான் செய்கிறது. மஜ்ஜை செல் ரத்தம் தருகிறது, விழியோர செல் விழியின் மேல்தோலைத் தருகிறது. ஆட்டிசத்தில் எந்த செல் குறைந்துபோனது, எதை ஈடுகட்ட ஊசி? கேட்டுப் பார், நேரான பதில் வராது. ஆட்டிசத்துக்கு இதைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கவோ விளம்பரப்படுத்தவோ கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-லேயே சொல்லிவிட்டது. ஆய்வு என்று சொன்னாலும் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. பெற்றவர்களின் தவிப்பை விலை பேசுகிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வருகிறது.

பேச்சுப் பயிற்சிக்குப் போனதில் பேரன் தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தூக்கிக் காட்டுகிறான் என்று எழுதியிருந்தாயே, அதை நாலு தடவை படித்தேன். அந்தப் பயிற்சியை ஒரு நாளும் விடாதீர்கள். அவர்கள் கொடுத்த விளம்பரத் தாளை எனக்கு அனுப்பு. மருமகளிடம் ஞாயிற்றுக்கிழமை நானே பேசுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்