கேப்பர் மலைச் சிறையும் பாரதியின் அந்தக் கடிதமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலூர் கேப்பர் மலை மத்திய சிறை பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 1865-லிருந்து இருக்கிற சிறைக்கு அவ்வளவு இடம் ஒதுக்கிவிட்டு, பாரதி கைதானார், 24 நாள் இருந்தார், விடுதலையானார் என்று எல்லோரும் எழுதுகிற மாதிரியே நீங்களும் ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள்.

பத்து வருடம் புதுச்சேரியில் கிடந்துவிட்டு, உலகப் போர் முடிந்த கையோடு, இனி என்ன செய்துவிடப் போகிறார்கள் என்ற நம்பிக்கையிலோ இருப்புக் கொள்ளாமலோ, 1918 நவம்பர் 20 அன்று பிரெஞ்சு எல்லையைத் தாண்டுகிறார். உடனே பிடித்துக் கடலூருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வெளியே விட்டது டிசம்பர் 14. நடுவில் டிசம்பர் 11 வருகிறது பாருங்கள், அவருக்கு 36 வயது நிறைந்த நாள், அது கம்பிக்குள்ளேயே போயிருக்கிறது. வருடா வருடம் அதே தேதியில்தான் சிலைக்கு மாலை போடுகிறோம், மேடையில் பேசுகிறவர்கள் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

சரி, நான் எழுத வந்தது வேறு. உள்ளே இருந்தபடி நவம்பர் 28 அன்று சென்னை கவர்னர் பென்ட்லண்ட் பிரபுவுக்கு அவர் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினார். அரசியலை அடியோடு விட்டுவிட்டதாகவும் அரசுக்கு விசுவாசமாக இருப்பதாகவும் அதில் உறுதி சொல்கிறார். இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாரே என்று ஏளனம் பேச ஒரு கூட்டம், அப்படி ஒன்றே நடக்காதது போல் வேறு பேச்சுக்குப் போய்விட இன்னொரு கூட்டம். எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. பத்திரிகை போய், வருமானம் போய், பெண்டாட்டியும் இரண்டு பெண் பிள்ளைகளுமாக அந்நிய ஆட்சியின் நிழலில் பத்து வருடம் ஓட்டிய மனிதர் அதை எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். அதற்கும் சும்மா விட்டார்களா என்றால் இல்லை. அன்னி பெசன்ட், சி.பி. ராமசாமி ஐயர், சுதேசமித்திரன் பத்திரிகையின் ரங்கசாமி ஐயங்கார் என்று பெரிய மனிதர்கள் தலையிட்டும், திருநெல்வேலிப் பக்கம்தான் இருக்க வேண்டும், எழுதுவதைப் போலீசுக்குக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டுத்தான் அனுப்பினார்கள். மனைவியின் ஊரான கடையத்துக்குப் போனார். தடையெல்லாம் நீங்கி 1920-ல் சுதேசமித்திரனுக்குத் திரும்பினார், அடுத்த செப்டம்பரில் ஆளே இல்லை.

அப்புறம், நம் முதுநகர் சுதந்திரப் போராட்ட வீராங்கனை அஞ்சலையம்மாளின் அந்தச் சிறைக் கதையும் இங்கேதான் நடந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கர்ப்பிணியாக உள்ளே போய், பிரசவத்துக்கு வெளியே வந்து, கைக்குழந்தையோடு திரும்பவும் உள்ளே போனாரே, அது வேலூர் சிறை.

புதுச்சேரிச் சிறைக்கு என்ன ஆயிற்று என்று தெரியும். கைதிகளைக் காலாப்பட்டுக்கு மாற்றிய பிறகு நேரு வீதியிலிருந்த பழைய சிறையை இடித்தார்கள், இப்போது அந்த இடத்தில் வண்டி நிறுத்துகிறோம். பிரெஞ்சுக்காரன் கட்டிய வீடுகளுக்கெல்லாம் பெயின்ட் அடித்துப் படம் எடுக்கிற ஊரில் ஜெயிலுக்கு மட்டும் ஆள் இல்லை. கேப்பர் மலை தப்பியதற்கு வரலாற்று அக்கறை எல்லாம் காரணம் கிடையாது, இன்னும் கைதிகள் இருக்கிறார்கள், அவ்வளவே. அதனாலேயே பாரதி இருந்த அறையை நினைவிடமாக வைத்திருந்தும், நினைத்த நேரத்தில் நாம் போய்ப் பார்த்துவிட முடியாது. அதில் தப்பு சொல்லவில்லை, சிறை என்றால் அப்படித்தான்.

ஆனால் கடிதத்துக்கு என்ன காவல்? அதன் நகலையும், நல்ல தமிழ் மொழிபெயர்ப்பையும், விடுதலைக்குப் போட்ட நிபந்தனைகளையும் கடலூர் அரசு அருங்காட்சியகத்தில் ஒரு சுவர் முழுக்க வைக்கலாம். இன்னொரு பிரதியைச் சிறை வாசலிலேயே, கைதிகளைப் பார்க்க மனு போட்டு வந்து மணிக்கணக்கில் காத்திருக்கிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி வைக்க வேண்டும். உள்ளே இருக்கிறவனுக்காக வெளியே அலைவது என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும், நம்மைவிட நிதானமாகப் படிப்பார்கள்.

அதுவரை நீங்களாவது வருகிற டிசம்பர் 11 இதழில் அந்தக் கடிதத்தை ஒரு வரி வெட்டாமல் போடுங்கள். பக்கத்தில் பொழிப்புரை, சமாதானம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
திருப்பாதிரிப்புலியூர் வாசகர்
கடலூர்