பாப்பாவுக்கு, எஸ்கலாண்டே வாத்தியாரைப் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. ஜவ்வாது மலைக் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா?

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதுகிறார்கள், இவர்களை வைத்துக்கொண்டு பொதுத்தேர்வுக்கு என்ன செய்வது என்று போனில் கேட்டாய். அப்போதிலிருந்து எனக்கு ஹைமே எஸ்கலாண்டே ஞாபகமாகவே இருக்கிறது.

பொலிவியாக்காரர். லா பாஸில் பெயரெடுத்த கணக்கு வாத்தியார். 1960களில் அமெரிக்கா போனபோது அவருடைய படிப்பு அங்கே செல்லவில்லை. உணவகத்தில் தரை துடைத்தார், சமையல் செய்தார், ஆங்கிலம் கற்றுக்கொண்டு மறுபடியும் பட்டம் வாங்கினார். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி வேலை கிடைத்தும், அதை விட்டுவிட்டுக் குறைந்த சம்பளத்துக்கு 1974இல் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் கார்ஃபீல்டு பள்ளியில் சேர்ந்தார். பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளி ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் படித்த பள்ளி.

1982இல் அவருடைய மாணவர்கள் 18 பேர் கல்லூரித் தரத்துக் கால்குலஸ் (நுண்கணிதம்) தேர்வு எழுதி, அத்தனை பேரும் தேறினார்கள். 14 பேருடைய விடைத்தாள்களில் சந்தேகம் என்று தேர்வு நடத்திய அமைப்பு சொல்லிவிட்டது. 12 பேர் மறுபடி உட்கார்ந்து எழுதினார்கள். பன்னிரண்டு பேரும் பாஸ். வசதியான வீட்டுப் பிள்ளைகளை அப்படிச் சந்தேகப்பட்டிருப்பார்களா? எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது.

ஆனால் நீ கவனிக்க வேண்டியது 1974க்கும் 1982க்கும் நடுவில் இருக்கிற எட்டு வருஷத்தை. சேர்ந்த புதிதில் அவருக்குக் கிடைத்ததும் அடிப்படைக் கணக்கு வகுப்புதான். பள்ளி நேரத்துக்கு முன்னும் பின்னும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். கூடவே பென் ஹிமேனஸ் என்ற சக ஆசிரியர் தோள் கொடுத்தார். ஹென்றி கிராடியாஸ் என்ற தலைமை ஆசிரியர் பின்னால் நின்றார். அப்புறம் பக்கத்துக் கல்லூரியில் கோடை வகுப்பும் நடந்தது. 1991இல் எஸ்கலாண்டே அந்தப் பள்ளியை விட்டுப் போனார். பிறகு அங்கே தேறுகிறவர்கள் எண்ணிக்கை நன்றாகவே குறைந்துவிட்டது. அதனால் நீ தனியாக இழுத்துக்கொண்டு திரியாதே. எட்டாம் வகுப்பு எடுக்கிறவரிடம் பேசு. உங்கள் ஹெச்.எம்.மிடம் மாலை வகுப்புக்கு அனுமதி கேள்.

பின்னத்துக்கு எனக்குத் தோன்றுவது ஒன்று. அங்கே வீட்டுக்கு வீடு சாமை அளக்கிறவர்கள். அரைப்படியும் கால்படியும் சேர்ந்தால் என்ன என்று கேட்டுப் பார், முக்கால்படி என்று சட்டென்று வரும். அதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிவிட்டு, அங்கிருந்து மூன்றில் ஒன்றுக்குப் போ.

இந்த வருஷம் எத்தனை பேர் தேறுகிறார்கள் என்பதை வைத்து உன்னை நீயே எடை போடாதே, கண்ணு. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளையும் இப்போதே பிடித்துக்கொள். ஹெச்.எம். என்ன சொன்னார் என்று ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது சொல்.

அன்புடன்,
அப்பா